எரிச்சலும் தீனியும்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

காரணம் தெரியாத எரிச்சலும் பசியில்லாத சாப்பாடும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. உள்ளே ஏதோ ஒன்று பொறுக்க முடியாமல் போகிறது. அது சொல்லாக வாயிலிருந்து வெளியே வந்தால் சிடுசிடுப்பு. தீனியாக வாய்க்குள் போனால் மனசுக்காகச் சாப்பிடுவது. ஒன்றுக்கு டயட், மற்றதற்குப் பொறுமை என்று இரண்டோடும் தனித்தனியே மல்லுக்கட்டுகிறவர்கள்தான் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள். டயட் பசியைக் கூட்டும், பசி எரிச்சலைக் கூட்டும், எரிச்சல் மறுபடி தீனியில் கொண்டுபோய் விடும். அதனால் இங்கே இரண்டையும் ஒன்றாகவே வைத்து, மைண்ட்ஃபுல்னெஸ் வழியில் பார்ப்போம்.

மைண்ட்ஃபுல்னெஸ் என்பது, இந்த நிமிடம் உடம்பிலும் மனசிலும் என்ன நடக்கிறது என்று கவனிப்பது. நடப்பதைத் திட்டவும் வேண்டாம், துரத்தவும் வேண்டாம். 1979-ல் ஜான் கபட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சிக்குப் பிறகுதான் இது மருத்துவமனைகளுக்குள் பரவியது. அதன் அடிப்படையில், கட்டுப்பாடு இழந்து சாப்பிடுகிறவர்களுக்கென்றே ஒரு பயிற்சியை உளவியலாளர் ஜீன் கிறிஸ்டெல்லர் உருவாக்கினார். கீழே வரும் உத்திகளில் சில அந்த இரண்டிலிருந்தும் வந்தவை.

உங்களுக்குப் பொருந்துகிற அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதலாவதை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். உடம்பில் இருக்கிற காரணத்தை மூச்சுப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது.

அறிகுறி: குறிப்பிட்ட நேரம் ஆனால் சுள்ளென்று கோபம், எதைக் கண்டாலும் சாப்பிடத் தோன்றுகிறது

கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், நேற்று எவ்வளவு தூங்கினீர்கள் என்று முதலில் பாருங்கள். இந்த இரண்டு கேள்வியிலேயே பலருடைய சிக்கல் பாதி தீர்ந்துவிடும்.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. 1944-45-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் ஓர் ஆய்வு நடத்தினார். உடலும் மனமும் நல்ல நிலையில் இருப்பவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுத்த 36 இளைஞர்களுக்கு, கிட்டத்தட்ட ஆறு மாதம், வழக்கமான சாப்பாட்டைப் பாதியளவுக்குக் குறைத்தார். எடை குறைந்தது. கூடவே அவர்கள் சிடுசிடுத்தார்கள், சோர்ந்துபோனார்கள், நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே நினைத்தார்கள். சிலர் சமையல் குறிப்புப் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். மறுபடி தாராளமாகச் சாப்பாடு கிடைத்தபோது, வயிறு முட்டச் சாப்பிட்டும் திருப்தி வரவில்லை என்றார்கள். பட்டினி போட்டால் எந்த நல்ல மனிதருக்கும் இது நடக்கும். காலையில் சாப்பிடாமல், மதியம் அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டு, மாலையில் 'எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லை' என்று வருந்துகிறவர்கள் இந்த ஆய்வை நினைத்துக்கொள்ள வேண்டும். குறை மனதில் இல்லை, தட்டில் இருக்கிறது.

தூக்கமும் இதே வேலையைச் செய்யும். 2004-ல் வெளியான சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் படுக்க வைத்தார்கள். இரண்டு இரவு பத்து மணி நேரம் படுத்தபோது இருந்ததோடு ஒப்பிட்டால், பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 சதவீதம் கூடியிருந்தது; போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் குறைந்திருந்தது.

சரி, என்ன செய்வது? விழித்திருக்கும் நேரத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப்போடாதீர்கள். எரிச்சல் வழக்கமாக வரும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே, நிதானமாக உட்கார்ந்து ஏதாவது சாப்பிடுங்கள். பிற்பகலுக்குப் பிறகு காபி வேண்டாம். உள்ளே போன காஃபீனில் பாதி வெளியேறவே பலருக்கு ஐந்து மணி நேரம் போல ஆகும், அதற்குள் இரவுத் தூக்கம் கெட்டுவிடும். ஒரு வாரம் இதை மட்டும் செய்து பாருங்கள். எரிச்சல் நன்றாகக் குறைந்துவிட்டால், மற்ற பகுதிகள் உங்களுக்கு அவசரமில்லை.

மருந்துகளையும் ஒருமுறை பாருங்கள். ஸ்டீராய்டு மாத்திரைகள் பசியையும் சிடுசிடுப்பையும் ஒன்றாகவே கூட்டக்கூடியவை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இரண்டும் வரலாம். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பலருக்கு இரண்டும் கூடுவது இயல்பு. அந்த நாட்களை நாட்காட்டியில் குறித்து வைத்தாலே, 'எனக்கு என்ன ஆயிற்று' என்ற பயம் குறையும்.

ஒரு எச்சரிக்கை. நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில வகை மாத்திரைகளோ எடுப்பவருக்குத் திடீரென்று எரிச்சல், நடுக்கம், வியர்வை, பசி வந்தால் அங்கே மூச்சைக் கவனித்துக்கொண்டு உட்காரக் கூடாது. உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள். 70 mg/dL-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரை அல்லது அதற்கு ஈடான இனிப்புப் பானம் எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அளவு பார்க்க வழியில்லை என்றாலும் முதலில் இனிப்பு, மற்றதெல்லாம் அப்புறம்.

அறிகுறி: பாக்கெட் காலியான பிறகுதான் சாப்பிட்டதே தெரிகிறது

இதற்குக் காரணம் பெரும்பாலும் துயரமோ கோபமோ இல்லை, பழக்கம்தான். திரை ஓடுகிறது, கை தானாகப் போய் வருகிறது. கவனம் வேறெங்கோ இருக்கும்போது சாப்பிட்டது சரியாக நினைவில் பதிவதில்லை. அதனால் கொஞ்ச நேரத்திலேயே ஒன்றும் சாப்பிடாதது போல இருக்கும்.

இங்கே மனதோடு போராடத் தேவையே இல்லை. சாப்பிடும் விதத்தை மாற்றினால் போதும். பாக்கெட்டிலிருந்து நேராக எடுக்காமல் ஒரு தட்டில் போட்டுக்கொள்ளுங்கள். உட்காருங்கள். போனைக் கை எட்டாத இடத்தில் வையுங்கள். முதல் மூன்று வாய்க்கு மட்டும் முழுக் கவனம் கொடுங்கள்: வாசனை, நாக்கில் படும் விதம், மெல்லும்போது சுவை மாறுவது, விழுங்கியபின் மிஞ்சுவது. கபட்-ஜின்னின் வகுப்புகளில் ஒரே ஒரு உலர் திராட்சையைச் சில நிமிடங்கள் எடுத்துச் சாப்பிட வைப்பதும் இதற்காகத்தான். ஒவ்வொரு வேளையையும் அப்படிச் சாப்பிட முடியாது, தேவையும் இல்லை. மூன்று வாய் போதும்.

அதற்குப் பிறகு ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: முதல் வாயில் இருந்த ருசி இப்போதும் அப்படியே இருக்கிறதா? ஒரே பண்டத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் அதன் ருசி படிப்படியாக மங்கும். நாக்குக்கும் மூளைக்கும் இயல்பான குணம் அது. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குத் தெளிவாகப் போய்ச் சேர இருபது நிமிடம் போல ஆகும். அதற்கு வெகு முன்பே நாக்கு 'போதும்' என்று சொல்லிவிடுகிறது, கேட்க ஆள் இருந்தால். ருசி மங்கிய இடத்தில் நிறுத்துவதில் இழப்பு எதுவும் இல்லை என்பதால், இப்படி நிறுத்தப் பழகியவர்களுக்கு ஏக்கம் குறைவாகவே இருக்கிறது.

அறிகுறி: பசியில்லை என்று தெரிகிறது, ஆனாலும் வேண்டும் போலிருக்கிறது

இதுதான் நிஜமான உந்துதல். மனசு ஒன்றைக் கேட்டே தீர வேண்டும் என்று நிற்கிறது. அடக்கினால் இரட்டிப்பாகிறது. இணங்கினால் அடுத்த முறை இன்னும் சீக்கிரமே வருகிறது.

மூன்றாவது ஒரு வழியை வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ஆலன் மார்லட் கற்றுக்கொடுத்தார். குடி, புகை போன்ற பழக்கங்களிலிருந்து மீண்டவர்கள் மறுபடி விழாமல் இருக்க வழி தேடியவர் அவர். உந்துதல் ஓர் அலை போன்றது. எழும், உச்சிக்குப் போகும், இறங்கும். அதன்மேல் மிதந்திருந்தால் போதும் என்றார். உந்துதல் என்றால் ஏறிக்கொண்டே போய் நம்மை உடைத்துவிடும் என்று நாம் நினைப்பதால்தான் பயந்துபோய்ச் சாப்பிட்டுவிடுகிறோம். உண்மையில் அது இறங்குவதற்கு முன்பே எப்போதும் சாப்பிட்டுவிடுவதால், இறங்குவதை நாம் பார்த்ததே இல்லை.

செய்யும் முறை இது. நின்ற இடத்திலேயே நில்லுங்கள், அல்லது உட்காருங்கள். 'வேண்டும்' என்ற அந்த உணர்வு உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். சிலருக்குத் தொண்டை, சிலருக்கு நெஞ்சு, சிலருக்கு வாயில் ஊறும் நீர், சிலருக்குக் கையில் ஒரு பரபரப்பு. இடம் தெரிந்ததும் அது இறுக்கமா, சூடா, துடிப்பா, அசைகிறதா என்று பாருங்கள். அதற்கு எவ்வளவு பலம் என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். சில மூச்சு கழித்து மறுபடி போடுங்கள். ஏறியிருந்தாலும் பரவாயில்லை, மாறுகிறது என்பதுதான் முக்கியம். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அதன் வேகம் அடங்கிவிடும், பல நேரம் அதைவிடச் சீக்கிரமே.

அடங்கிய பிறகும் அந்த இனிப்பைச் சாப்பிட வேண்டும் என்று தோன்றினால் சாப்பிடுங்கள், முந்தைய பகுதியில் சொன்ன முறையில். இதை நான் அழுத்தியே சொல்வேன். 'கவனித்துவிட்டால் சாப்பிடக் கூடாது' என்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டால், கவனிப்பதே இன்னொரு டயட் ஆகிவிடும். அப்புறம் மனசு கவனிக்கவே மறுக்கும்.

வேலை செய்யவில்லையா? இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, உண்மையிலேயே பசி; வயிற்றில் வெறுமை மெதுவாக ஏறி, சாதாரணச் சாப்பாடு எது கிடைத்தாலும் சரி என்று தோன்றினால் அது பசி. குறிப்பிட்ட ஒரு பண்டம்தான், அதுவும் இப்போதே வேண்டும் என்றால் அது பெரும்பாலும் மனசு. இரண்டாவது காரணம், நீங்கள் கவனிக்கவில்லை, எப்போது போகும் என்று காத்திருக்கிறீர்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்தால் இது பலிக்காது.

அறிகுறி: யாரோ ஏதோ சொன்னார்கள், பதில் பேசவில்லை, இப்போது தின்றுகொண்டிருக்கிறேன்

இந்தப் பகுதிக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். மனசுக்காகச் சாப்பிடுகிறவர்கள் பலர் வெளியே மிகப் பொறுமையானவர்கள். யாரையும் எதிர்த்துப் பேசாதவர்கள், எல்லோருக்கும் ஒத்துப்போகிறவர்கள். விழுங்கிய கோபத்தின் மேல் தீனியைப் போட்டு மூடுகிறார்கள். பிறகு, சம்பந்தமே இல்லாத ஒருவர்மேல், பெரும்பாலும் வீட்டில் இருக்கிற பலமில்லாத ஒருவர்மேல், எரிந்து விழுகிறார்கள்.

முதலில் பெயர் வையுங்கள். 'மனசு சரியில்லை' என்பது போதாது. அவமானமா, பொறாமையா, பயமா, ஏமாற்றமா, அநியாயம் நடந்துவிட்டது என்ற கோபமா? 2007-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மன் குழு செய்த மூளை ஸ்கேன் ஆய்வில், முகத்தில் தெரியும் உணர்ச்சிக்குச் சொல்லால் பெயர் வைத்தபோது, ஆபத்து மணியடிக்கும் அமிக்டலா பகுதியின் வேகம் குறைந்தது. பெயரை மனதுக்குள் சொல்லலாம். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினால் இன்னும் தெளிவாகும். 'அவர் எல்லோர் முன்னாலும் என்னை மட்டம் தட்டினார், எனக்கு அவமானமாக இருக்கிறது.' இந்த ஒரு வரியை எழுதியதும் கையில் இருக்கும் பிஸ்கட் வெறும் பிஸ்கட்டாகத் தெரியத் தொடங்கும்.

பெயர் கிடைத்த பிறகு, அந்த உணர்ச்சி என்ன கேட்கிறது என்று பாருங்கள். களைப்பு ஓய்வு கேட்கும். தனிமை ஒரு குரலைக் கேட்கும். அநியாயம் என்றால் பேசத்தான் வேண்டும். கவனிப்பதால் கோபம் எல்லாம் கரைந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில கோபங்கள் நியாயமானவை. ஒருவர் உங்களைத் தொடர்ந்து இழிவாக நடத்தினால், அதைச் சகித்துக்கொள்வதற்காக மைண்ட்ஃபுல்னெஸ் பழகக் கூடாது; நிதானம் இழக்காமல் 'இப்படிப் பேசாதீர்கள்' என்று சொல்வதற்காகப் பழக வேண்டும். சொல்ல முடியாத சூழ்நிலை என்றால், நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். அந்தக் கோபம் எங்காவது சொல்லாக வெளியே வர வேண்டும்.

அறிகுறி: வீட்டில் இருப்பவர்கள்மேல் வள்ளென்று விழுகிறேன், அடுத்த நிமிடமே வருத்தம்

கோபம் சொல்லாக வருவதற்கு முன் உடம்பில் வந்துவிடுகிறது. தாடை இறுகும், தோள் மேலே ஏறும், மூச்சு மேலோட்டமாகும், காது சூடாகும். உங்களுக்கு எது முதலில் வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் இங்கே முழு வேலையும். தெரியாவிட்டால் வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த அறிகுறி வந்ததும், உள்ளே இழுப்பதைவிட நீளமாக மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும். நீட்டி விட்டால் அது உடம்பை அமைதிப் பக்கம் சாய்க்கும். மூன்று முறை போதும். அப்புறம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்: 'எனக்கு இப்போது பசியும் களைப்புமாக இருக்கிறது. உன்மேல் கோபம் இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பேசலாமா?' குழந்தைக்குக்கூட இது புரியும். சொன்னபடி திரும்பி வந்து பேசுவது மிக முக்கியம், இல்லாவிட்டால் அடுத்த முறை யாரும் நம்ப மாட்டார்கள்.

அறிகுறி: அமைதியாக உட்கார்ந்தால் நன்றாக இருக்கிறது, கோபம் வரும்போது எதுவும் நினைவுக்கு வருவதில்லை

பயிற்சியைச் சின்ன எரிச்சல்களுக்குக் கொண்டுபோங்கள். இணையம் மெதுவாகத் திறப்பது, வரிசையில் நிற்பது, ஒருவர் பேச்சை இழுத்துக்கொண்டே போவது. பத்துக்கு இரண்டு மதிப்பெண் எரிச்சலில் பழகினால்தான் ஏழு வரும்போது கை கொடுக்கும். சாப்பிடும் முன் ஒரு மூச்சு என்று கட்டி வைத்தால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை தானாகவே நினைவு வரும்.

அறிகுறி: சாப்பிட்டுவிட்டேன், எப்படியும் கெட்டுப்போன நாள்தானே என்று மேலும் சாப்பிடுகிறேன்

இதுவும் ஆய்வாளர்களுக்கு நன்கு தெரிந்த ஒன்று. 1975-லேயே பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் ஒரு சோதனையில் இதைக் காட்டினார்கள். டயட் இல்லாதவர்கள் மில்க்‌ஷேக் குடித்தால் அதற்குப் பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்துச் சாப்பிட்டார்கள். சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி வந்தவர்களோ மில்க்‌ஷேக் குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள். விதி உடைந்துவிட்டது, இனி என்ன என்ற எண்ணம்தான் காரணம்.

தீர்வு உங்களைக் கடுமையாகத் திட்டிக்கொள்வதில் இல்லை. 2007-ல் கிளேர் ஆடம்ஸ், மார்க் லியரி இருவரும் செய்த ஆய்வில், சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி வந்தவர்களுக்கு டோனட் கொடுத்துவிட்டு, ஒரு பகுதியினரிடம் மட்டும் 'எல்லோரும் சில நேரம் இப்படிச் சாப்பிடுவதுதான், உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள்' என்ற பொருளில் பேசினார்கள். அப்படிக் கேட்டவர்கள் பிறகு கிடைத்த மிட்டாயைக் குறைவாகவே சாப்பிட்டார்கள். தன்னிடம் கனிவாக இருந்தால் கட்டுப்பாடு போய்விடும் என்ற பயத்துக்கு நேர் எதிரான முடிவு இது.

அதனால் அதிகமாகச் சாப்பிட்டுவிட்ட பிறகும் கவனிப்பதை நிறுத்தாதீர்கள். வயிறு எப்படி இருக்கிறது? கனமா, அசதியா? திட்டாமல், வெறும் தகவலாகக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வேளையை வழக்கம்போலச் சாப்பிடுங்கள். தண்டனையாகப் பட்டினி கிடந்தால் இந்த வழிமுறையின் முதல் அறிகுறிக்கே திரும்பிப் போய்விடுவீர்கள்.

அறிகுறி: மூச்சைக் கவனித்தால் படபடப்பு கூடுகிறது

சிலருக்கு இப்படி ஆகும். முக்கியமாக, பழைய பயங்கர அனுபவங்கள் உள்ளவர்களுக்குக் கண்ணை மூடி உள்ளே பார்ப்பது ஒத்துவராமல் போகலாம். வற்புறுத்திச் செய்யாதீர்கள். கண்ணைத் திறந்துகொண்டு, பாதம் தரையில் படுவதையோ சுற்றியுள்ள ஓசைகளையோ கவனியுங்கள். நடந்துகொண்டே செய்யலாம். அதுவும் ஒத்துவரவில்லை என்றால் விட்டுவிட்டு, பயிற்சி பெற்ற உளவியலாளரோடு சேர்ந்து செய்யுங்கள்.

அறிகுறி: எல்லாம் செய்கிறேன், எடை குறையவில்லை

குறையாமலும் இருக்கலாம். மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சிகளால் கட்டுமீறிய சாப்பாடும் மனசுக்காகச் சாப்பிடுவதும் குறைவதற்கு ஆய்வுகளில் நல்ல ஆதாரம் இருக்கிறது. எடை விஷயத்தில் முடிவுகள் கலவையாக இருக்கின்றன. எடை எந்திரத்தை வைத்து இந்தப் பயிற்சியை அளந்தால், பலன் தந்துகொண்டிருக்கும்போதே கைவிட்டுவிடுவீர்கள். சாப்பாட்டைப் பற்றிய நினைப்பு குறைந்திருக்கிறதா, வீட்டில் சத்தம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இதோடு நிற்காமல் மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள்

குறுகிய நேரத்தில், பிறர் சாப்பிடுவதைவிட மிக அதிகமான அளவு, நிறுத்த முடியவில்லை என்ற உணர்வோடு, வாரத்துக்கு ஒருமுறையாவது, மூன்று மாதமாக நடந்துவந்தால் அது பிஞ்ச் ஈட்டிங் என்ற நோயாக இருக்கக்கூடும். 2013-ல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாடு இதைத் தனி நோயாகவே சேர்த்திருக்கிறது. இதற்குச் சிகிச்சை உண்டு. சாப்பிட்டபின் வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, நாட்கணக்கில் பட்டினி கிடப்பது இருந்தால் மூன்று மாதம் காத்திருக்கவே கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆர்வமின்றி, எரிச்சலும் சோர்வுமாகவே நாட்கள் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது 'அதிகம் சாப்பிடுகிறேன்' என்று மட்டும் சொன்னால் டயட் பட்டியல்தான் கிடைக்கும். எப்போது, என்ன நடந்த பிறகு, எவ்வளவு நேரம், நிறுத்த முடிந்ததா, பிறகு என்ன செய்தீர்கள், எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று ஒரு வாரக் குறிப்பை எழுதி எடுத்துப் போங்கள். அதில் கோபம் வந்த நேரங்களையும் சேர்த்து எழுதுங்கள்.